குழந்தைகளும் அறிவியல் நூல்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலையில், குழந்தைகளுக்குரிய அறிவியல் நூல்களைப் பற்றிப் பேச நான் முன்வந்தமைக்குக் காரணம் ஒரு கறிவேப்பிலைச் செடி.

நம் குடியிருப்பில் கறிவேப்பிலை இல்லாத தமிழர் வீடு அரிது. ஊரிலிருந்து கொணர்ந்த கன்று, வடநாட்டுக் குளிரில் வாடி, வெயிலில் தளிர்த்து, நம்மைப் போலவே இம்மண்ணில் வேரூன்றிவிடுகிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் செடியில் பச்சைப் புழுக்கள் ஏறி இலைகளைத் தின்றுகொண்டிருந்தன. அப்பொழுது ஏழு வயதாயிருந்த என் மகள், "அப்பா, இது என்ன? தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டுகிறதே, ஏன்?" என்று கேட்டாள். "பூச்சியம்மா, தொடாதே, தூக்கி எறி" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலப் படப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து, அப்புழுவின் வரலாறு முழுவதையும் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். நான் மகிழ்ந்து, "இதையே தமிழில் சொல், கேட்போம்" என்றேன். "தமிழில் இதெல்லாம் ஏதப்பா? பூச்சி என்று மட்டுந்தானே இருக்கிறது?" என்றாள்.

பிழை அவளுடையதன்று. என்னிடம் கேட்டதற்குக் கிடைத்த ஒரே சொல் அதுதான். தன் ஐயங்களைத் தமிழில் கேட்பதை அவள் அதன்பின் சிறிது சிறிதாக நிறுத்திவிட்டாள். சோறு கேட்பதற்கும் கதை கேட்பதற்கும் தமிழ். அறிவதற்கு வேறு மொழி என்று அப்பிஞ்சு உள்ளம் முடிவு செய்துவிட்டது. வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் தமிழ் தேய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்கிறேன், குழந்தைகள் கேட்கட்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்து இலைகளையே தேடிவரும் வண்ணத்துப்பூச்சிகள் சில உள. தாய்ப்பூச்சி தன் கால்களால் இலையைத் தொட்டுச் சுவையறிந்து, இது தன் குஞ்சுகளுக்கு ஏற்றது எனத் தெளிந்த பின்னரே முட்டையிடும். வெளிவரும் இளம்புழு பறவையின் எச்சத்தைப் போலத் தோன்றுவதால் பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்தபின் இலையின் பச்சை நிறமே அதற்குப் போர்வையாகிறது. அதையும் மீறித் தொந்தரவு நேர்ந்தால், கவைபோன்ற கொம்பு ஒன்றை நீட்டித் துர்நாற்றம் வீசி எறும்பு முதலான பகைகளை விரட்டும். பின்னர்க் கூட்டுப்புழுவாகிச் சில நாள் அசைவற்றிருந்து, சிறகு விரித்துப் பறக்கும்.

இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் தேவைப்படவில்லை. அதுமட்டுமன்று, தமிழில் அறிவியற் சொற்கள் பல தம் பொருளைத் தாமே விளக்கிவிடுகின்றன. 'பாலூட்டி' என்றால் பால் ஊட்டுவது. 'துணைக்கோள்' என்றால் ஒரு கோளுக்குத் துணையாகச் சுற்றி வருவது. 'ஒளிச்சேர்க்கை' என்னும்போதே ஒளியைக் கொண்டு இலை எதையோ சேர்க்கிறது என்று பாதி பாடம் முடிந்துவிடுகிறது. பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்வதை 'வலசை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். உயர்கல்விக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டு மொழியில் பொருள் விளங்கிய குழந்தைக்கு ஆங்கிலப் பெயரைக் கற்பது எளிது. பொருள் விளங்காமற் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதுதான் கடினம்.

இனி, நல்ல அறிவியல் நூல் எப்படியிருக்கும்? இலண்டன் இராயல் நிறுவனத்தில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இளையோருக்கானவை. 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய வரிசையில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1861இல் நூலாயின. மெழுகு உருகித் திரியில் ஏறி ஆவியாகிறது. எரிவது அந்த ஆவியே என்று அவர் காட்டினார். அணைத்தவுடன் எழும் புகையில் தீயைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் மீண்டும் பற்றிக்கொள்ளும். சுடருக்குச் சற்று மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் அதன் அடியில் ஈரம் படியும், தீயிலிருந்து நீர்! முடிவில், மெழுகுவத்தி எரிவதையும் நாம் மூச்சுவிடுவதையும் ஒப்பிட்டு, இரண்டிலிருந்தும் கரியமிலவாயு வெளிவருவதை விளக்கினார். இந்த ஃபாரடே கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றவர். ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலை அங்கே படித்தது அவர் வாழ்வைத் திருப்பியது.

இதிலிருந்து நான் அறிவது மூன்று. நல்ல நூல் குழந்தையின் கைக்கெட்டும் பொருளில் தொடங்கும். முடிவை மட்டும் கூறாமல், அம்முடிவுக்கு வந்த வழியையும் காட்டும். இறுதியில் குழந்தையைப் புத்தகத்தை மூடிவைத்து எழுந்துபோய்ப் பார்க்கச் செய்யும். உலகிலேயே பெரியது எது, விரைவானது எது என்று வியப்புகளை அடுக்கும் நூல்கள் நினைவாற்றலை வளர்க்கலாம். கேள்வி கேட்கும் இயல்பை வளர்ப்பதில்லை. கைப்பேசியில் கிடைக்கும் விடைக்கும் இக்குறை உண்டு. கேள்வி முற்றுமுன் விடை வந்துவிடுகிறது.

தமிழில் இவ்வழிக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1891இல் பிறந்து 1986இல் மறைந்த பெ. நா. அப்புசுவாமி, சட்டம் பயின்றவராயினும், எளிய தமிழில் அறிவியல் எழுதுவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டார். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1976 வரை வெளியிட்டது. செய்திகள் சில இன்று பழையனவாயினும், ஒரு குழந்தையோடு பேசும் நடைக்கு அது நல்ல முன்மாதிரி. 1957இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புத்தகாலய வரிசையில் தமிழ், இந்தி முதலிய பல மொழிகளில் நூல்களை வெளியிட்டுள்ளது. இது நமக்கு ஒரு பெரும் வாய்ப்பு. ஒரே நூலை நம் குழந்தை தமிழிலும் அண்டை வீட்டுத் தோழன் இந்தியிலும் வைத்துக்கொண்டு, ஒரே படத்தைப் பார்த்துப் பேசலாம்.

எனவே சங்கத்தாரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். நம் நூலகத்தில் நாவல்கள் நிறைந்துள்ளன. குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அறிவியலுக்கென ஓர் அடுக்கு ஒதுக்குங்கள். மாதம் ஒரு ஞாயிறு மாலை, அவற்றுள் ஒன்றைப் பெரியவர் ஒருவர் உரக்கப் படித்து, குழந்தைகளோடு வெளியே சென்று, படித்ததைத் தேடிப் பார்க்கட்டும். நம்மிடையே பொறியாளர், மருத்துவர், ஆசிரியர் எனப் பலர் இருக்கின்றனர். ஆண்டிற்கு ஒரு மாலை எவருக்கும் பெரிய சுமையன்று.

பெற்றோரிடமும் ஒன்று கேட்பேன். குழந்தை கேட்பதற்கு விடை தெரியாவிடின் வெட்கப்படவேண்டா. "எனக்கும் தெரியவில்லை; வா, சேர்ந்து தேடுவோம்" என்று தமிழில் சொல்லுங்கள். அன்று நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். என் மகள் மறுநாளும் என்னிடமே வந்திருப்பாள்.

அடுத்த முறை உங்கள் கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஏறினால், சாம்பாருக்குக் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு கிளையை அதற்கு விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு குழந்தையை நிறுத்திவையுங்கள். கையில் ஒரு தமிழ் நூலும் இருக்கட்டும்.