கணக்கேடு யார் கையில்?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேல்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் வணிகக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது நான் சற்றுத் தயங்கினேன். நான் படித்தது வரலாறு. நான் பணியாற்றும் பள்ளியிலோ பத்தாம் வகுப்பு வரைதான் உண்டு. ஆயினும், ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வெளியானவுடன் மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் பெற்றோரும் என் அறை வாயிலில் வந்து நிற்கிறார்கள். "ஐயா, எந்தக் குரூப் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்கு நான் பல ஆண்டுகள் தவறாக விடை சொல்லியிருக்கிறேன். அத்தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பாகவே இந்த உரையை ஏற்றுக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி 500க்கு 431 மதிப்பெண் பெற்று வந்தாள். அவளுடைய தாயார் பேருந்து நிறுத்தத்தருகே இட்லிக் கடை வைத்திருப்பவர். அரிசி, உளுந்து, விறகு, எண்ணெய் என்று அன்றாடச் செலவையும், கடன் சொல்லிச் சாப்பிட்டுப் போனவர்களின் பாக்கியையும் ஏழாம் வகுப்பிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவந்தவள் அப்பெண். வணிகவியல் பிரிவில் சேர விரும்புவதாகச் சொன்னாள். நான் கடிந்துகொண்டேன். "இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டுக் கணக்கு எழுதப் போகிறாயா? அறிவியல் பிரிவில் சேர்" என்றேன். தலைமையாசிரியர் சொன்னால் அந்தத் தாய் மறுப்பாரா? பெண் அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தோல்வியுற்றாள். துணைத் தேர்வில் தேறினாள் என்றாலும் மனம் உடைந்து படிப்பை அத்துடன் நிறுத்திவிட்டாள். இன்று நகரத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறாள். இரவில் கல்லாக் கணக்கு ஒத்துவராதபோது சரிபார்க்க அவளையே கூப்பிடுகிறார்களாம். சம்பளம் மட்டும் விற்பனைப் பெண்ணுக்குரியதே. இதை அவளுடைய தாயார் என்னிடம் எவ்விதக் கோபமுமின்றிச் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் ஏன் அவ்வாறு அறிவுரை கூறினேன்? அதற்கு 1985ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் தேறிய நான், தந்தையாருடன் நகரத்து மேல்நிலைப் பள்ளிக்குச் சென்று வணிகப் பிரிவில் இடம் கேட்டேன். சேர்க்கைக்கு அமர்ந்திருந்த ஆசிரியர் என் தந்தையாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கடையா இருக்கிறது, கணக்கு எழுதுவதற்கு?" என்றார். அருகிலிருந்தோர் சிரித்தனர். என் தந்தையாரும் சேர்ந்து சிரித்தார். நான் வரலாற்றுப் பிரிவில் சேர்க்கப்பட்டேன். வரலாறு எனக்குச் சோறு போட்டது. அதன்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் வணிகக் கல்வி நமக்குரியதன்று என்ற எண்ணத்தை அன்று அந்தச் சிரிப்பு என் மனத்தில் விதைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே எண்ணத்தை நான் ஒரு குழந்தையின் மீது சுமத்தினேன்.

என் தந்தையார் பண்ணை வேலை செய்தவர். வேலைக்குப் போன நாள்களைக் குடிசைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் சுவரில் இருக்கும் கோடு ஒரு தொகை சொல்லும். பண்ணைக் கணக்குப்பிள்ளையின் நோட்டு வேறொரு தொகை சொல்லும். எப்போதும் நோட்டுதான் வென்றது. இந்நாட்டில் கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த முறை சாட்டையால் மட்டும் நிலைத்திருக்கவில்லை. தீராத கடன் என்று எழுதிவைத்த ஏட்டினால் நிலைத்திருந்தது. அந்த ஏட்டைப் படிக்கத் தெரியாதவர்களால் நிலைத்திருந்தது. ஆகவே கணக்குப்பதிவியலை நம் பிள்ளைகள் படிப்பதென்பது வேலை தேடும் வழி மட்டுமே என்று நான் கருதவில்லை.

இனி இக்கல்வியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது பொதுப் பிரிவுகளுடன் தொழிற்கல்விப் பிரிவுகளும் தொடங்கின. பொதுப் பிரிவில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்று பாடங்களுடன் நான்காவதாக வரலாறோ, கணினிப் பயன்பாடுகளோ, வணிகக் கணிதமும் புள்ளியியலுமோ அமையும். தொழிற்கல்வியில் அலுவலக மேலாண்மை, தட்டச்சு, தணிக்கை முதலியவை செய்முறையோடு கற்பிக்கப்படும். பின்னதில் ஒரு வருத்தம் உண்டு. பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றவுடன் அந்த இடம் நிரப்பப்படாமல், பிரிவே மூடப்பட்டுவிட்டது. எந்தப் பள்ளியில் எது எஞ்சியிருக்கிறது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே நேரில் சென்று கேட்டறிதல் வேண்டும்.

பாடநூல்களை இரண்டாண்டுகளுக்கு முன் நானே வாங்கி, ஐம்பது வயதுக்கு மேல் மாணவனாக அமர்ந்து படித்தேன். எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் இரு முகம் உண்டு, அதை இரண்டு இடத்தில் எழுது என்பதே இரட்டைப் பதிவு முறையின் அடிப்படை. அதை ஏடாக்கி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்டவர் லூக்கா பசியோலி என்னும் துறவி. பதினோராம் வகுப்பில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம் என்று படிப்படியாக ஏறி, பன்னிரண்டாம் வகுப்பில் கூட்டாண்மைக் கணக்கு, நிறுமக் கணக்கு, விகிதப் பகுப்பாய்வு, டாலி என்னும் கணினிக் கணக்கு முறை வரை செல்கிறார்கள்.

தேய்மானம் என்ற ஒரு பாடத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தம்பி பந்தலும் ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தொழில் தொடங்கினான். போட்ட முதல் 3 லட்சம் ரூபாய். செலவெல்லாம் போக மாதம் 12,000 ரூபாய் கையில் நின்றது. அதை இலாபம் என்று எண்ணி முழுவதையும் குடும்பத்திற்குச் செலவிட்டான். ஐந்து ஆண்டில் துணி கிழிந்தது, நாற்காலி உடைந்தது, ஒலிபெருக்கி கரகரத்தது. புதிதாக வாங்கப் பணமில்லை, தொழில் நின்றது. அப்பொருள்கள் ஐந்து ஆண்டே உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 60,000, மாதத்திற்கு 5,000 ரூபாய் தேய்ந்துகொண்டிருந்தது. அவனுடைய உண்மையான இலாபம் மாதம் 7,000 ரூபாய்தான். ஊரார் அவனைச் "செலவாளி" என்றார்கள். அவன் குடிக்காதவன், சீட்டாடாதவன். அவனுக்கு ஒரு பாடம் தெரியாமற் போயிற்று, அவ்வளவே.

தாய்மார்களுக்கு இன்னொரு கணக்கு. தண்டல்காரர் 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்து ரூபாய்தானே" என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் 8,500 ரூபாய் நூறு நாளும் நம்மிடம் இருக்கிறதா? நாள்தோறும் திருப்பிக் கட்டுவதால் சராசரியாக அதில் பாதியளவே நம்மிடம் நிற்கிறது. சுமார் 4,250 ரூபாய்க்கு நூறு நாள் வட்டி 1,500 ரூபாய். ஆண்டுக் கணக்காக்கினால் நூற்றுக்கு 120 ரூபாய்க்கும் மேல் போகிறது. மிகைவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்தது. ஆனால் வட்டி மிகையானது என்று கணக்கிடத் தெரிந்தவருக்கல்லவா சட்டம் பயன்படும்? இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வீட்டிற்கு ஒரு பிள்ளை வேண்டாமா?

வணிகவியல் நூலில் சந்தையிடுதல் பற்றிய பகுதியும் உண்டு. பொருள், விலை, இடம், மேம்பாடு என நான்கு கூறுகளைச் சொல்கிறார்கள். இதில் "இடம்" என்ற சொல்லைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, துயரமும் வந்தது. பொருள் வாங்குபவரைச் சென்றடையும் வழி என்பது நூலின் பொருள். நமக்கு அச்சொல் வேறொன்றையும் குறிக்கிறது. நம் தெருவில் வைத்த கடைக்கு நம் தெருவார் மட்டுமே வருவர். ஊர்த்தெருவில் இடம் கேட்டால் வாடகைக்குக் கிடைக்காது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பொருளாதாரம் பயின்று திரும்பிப் பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாத வகுப்பினர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகியதால் அத்தொழில் நின்றது என அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். அவருக்கே அந்நிலை. இதைப் பாடநூல் சொல்லாது. ஆகவே நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆயினும் அதே அண்ணல் 1918இல் பம்பாய் சிடென்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார் என்பதையும், ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் இலண்டனில் நூல் வெளியிட்டார் என்பதையும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் ஏந்திய சிலையையே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். நாணயத்தையும் வரியையும் ஆராய்ந்தவர் அவர். நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன் அவர்களும், 1893இல் "பறையன்" இதழைத் தொடங்குவதற்கு முன், நீலகிரியில் வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தவரே. நம் முன்னோருக்குக் கணக்கேடு அயலானதன்று.

இனி மாணவர்களுக்கு. வணிகப் பிரிவில் சேர்ந்துவிட்டால் போதும், வேலை வாசலில் வந்து நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். பிளஸ் டூ சான்றிதழை மட்டும் கொண்டு போனால் கடைகளில் சொற்பச் சம்பளமே கிடைக்கும். பி.காம். வரை படித்தே ஆக வேண்டும். மருத்துவம், பொறியியல் ஆகிய கதவுகள் இப்பிரிவில் மூடிக்கொள்ளும் என்பதையும் அறிந்தே சேருங்கள். பட்டயக் கணக்கர் ஆக விரும்புவோர் நான்காவது பாடமாக வணிகக் கணிதத்தை எடுப்பது நல்லது. அதன் அடிப்படைத் தேர்வில் கணிதமும் புள்ளியியலும் ஒரு தாளாகவே வருகின்றன. தேர்வு கடினம், பலர் இருமுறை, மும்முறை எழுதியே தேறுகிறார்கள். நம் பிள்ளை முதல்முறை தவறினால் "நமக்கு ஏன் இதெல்லாம்?" என்று உறவினர்கள் கூறுவர். அந்தச் சொல்லுக்குச் செவி கொடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அரசு நடத்தும் வணிகவியல் தொழில்நுட்பத் தேர்வுகளில் தட்டச்சை எழுதலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் கீழ்நிலை, மேல்நிலை முதலிய படிகள் உண்டு. தொகுதி நான்கு தேர்வில் தட்டச்சர் பணிக்கு இச்சான்றிதழே வாயில். டாலி கற்றுத்தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களில் பணத்தைக் கட்டுமுன், அதே பாடம் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலேயே இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பிலிருந்தே கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றையும் விடுமுறையிலேயே ஆயத்தம் செய்துவிடுங்கள்.

சொந்தத் தொழில் தொடங்க எண்ணுவோருக்கு, 1974இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மூலதனத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. மத்திய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டை நம் வகுப்பினரின் சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்னும் கொள்கையும் 2012 முதல் உண்டு. ஆனால் இவற்றை நாடிச் செல்லும்போது முதலில் கேட்பது திட்ட அறிக்கை. எவ்வளவு முதல், எவ்வளவு விற்பனை, எந்த மாதம் முதல் கடன் தீரும் என்று எழுதித் தர வேண்டும். அதை எழுதத் தெரியாமல் இடைத்தரகரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்குகிறோம். அவர் எழுதியதை வங்கி மேலாளர் கேள்வி கேட்டால் விடை சொல்லத் தெரியாமல் திரும்புகிறோம். மானியத்தில் ஒரு பகுதி தரகருக்கே போய்விடுகிறது.

ஆகவே சங்கத்தின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவர்களும் மனமுவந்து ஏற்றுள்ளார்கள். வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலையில் இம்மண்டபத்தில் கணக்கு வகுப்பு நடைபெறும். பி.காம். முடித்த நம் பிள்ளைகள் இருவர் கற்பிக்க இசைந்துள்ளனர். அந்த இட்லிக் கடைப் பெண்ணையும் நேரில் சென்று அழைத்தேன். கடையில் விடுமுறை கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேரவும் கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் விடை சொல்லவில்லை.

சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து பதிவாளர் அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டுமென்பது 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் விதி. இதுவரை அதை வெளியாள் ஒருவரே எழுதிக் கொடுத்துவந்தார். இந்த வெள்ளி விழாவின் வரவு செலவை நம் மாணவர்களே எழுத வேண்டுமென்று முடிவாகியுள்ளது. நன்கொடை இரசீதுப் புத்தகங்கள், பந்தல்காரரின் பட்டியல், மளிகைச் சிட்டை எல்லாம் மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் இருக்கின்றன. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படிப்போர் எத்தனை பேர் வந்திருக்கிறீர்களோ அத்தனை பேரும் பந்தி முடிந்ததும் அங்கே வாருங்கள். இரண்டு புதிய நோட்டுகளும் கோடு போடும் அளவுகோலும் நானே வாங்கி வந்திருக்கிறேன். அவற்றின் விலை 140 ரூபாய். அதையும் நன்கொடை வரவில் ஒரு பக்கமும், எழுதுபொருள் செலவில் மறுபக்கமும் மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள்.