மில் சங்கும் கோவில் மணியும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப மாலைக் கூட்டத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)

 

"அன்றாட அலுவல்களுக்கு நடுவே ஜெப வாழ்வு" என்னும் பொருளில் பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது நாங்கள் மிகவும் தயங்கினோம். ஜெப வாழ்வில் தேர்ந்தவர்கள் என எண்ணி எங்களை அழைத்திருந்தால் அது பெரிய தவறு. நாங்கள் ஜெபத்தை மூன்று முறை கைவிட்டவர்கள். மூன்று முறை திரும்பப் பிடித்தவர்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல முடியும் என்றோம். அதுவே போதும் என்றார்கள். இந்த உரையை இருவரும் சேர்ந்து எழுதினோம், ஒருவர் வாசிக்கிறோம். நடுவே மற்றவர் எழுந்து திருத்தினால் பொறுத்தருளுங்கள். வீட்டிலும் அப்படித்தான்.

1975-இல் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அப்போது இந்தக் கோவில் ஓட்டுக் கொட்டகையாக இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எங்களில் ஒருவர் மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. மற்றவர் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வீட்டில் அம்மா இருந்தார்கள். ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். அழைப்பதில் இருவருக்கும் அம்மாதான். மாலை விளக்கேற்றியதும் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லாமல் அந்த வீட்டில் சோறு பரிமாறப்பட்டதில்லை.

அந்த வழக்கம் எப்படிப் போயிற்று? ஒரே நாளில் போகவில்லை. மில்லில் மூன்று ஷிப்டு. ஒரு வாரம் காலை 7 மணிக்கு, மறு வாரம் பிற்பகல் 3 மணிக்கு, அதற்கடுத்த வாரம் இரவு 11 மணிக்கு. மூன்று வாரத்தில் இரண்டு வாரம் மாலை ஜெபத்தில் ஒருவர் இருப்பதில்லை. "அவர் வந்த பிறகு சொல்லிக்கொள்வோம்" என்றோம். பிறகு பிள்ளைகள் மூவர், தாள் திருத்தும் வேலை, ரேஷன் வரிசை. வெள்ளிக்கிழமை மாலையானால் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் ஒளியும் ஒலியும்! துக்க தேவரகசியங்களைத் தியானிக்க வேண்டிய நாளில் எங்கள் பிள்ளைகள் சினிமாப் பாடலுக்கு இடம் பிடிக்க ஓடினார்கள். நாங்களும் பின்னால் போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. அம்மா மட்டும் திண்ணையில் அமர்ந்து தனியே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களை ஒரு சொல்கூடக் கடிந்ததில்லை. கடிந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

1989-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று. மாலை ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது மட்டும் அவர்களுடைய இடது கை மெல்ல எழுந்து நெற்றிக்குப் போகும், உதடு அசையும். வலது கை வராது. ஒரு நாள் இரவு, பன்னிரண்டு வயதான எங்கள் மூத்த மகன் அருகில் இருந்தான். அம்மா தலையணையின் கீழிருந்த ஜெபமாலையை எடுத்து அவன் கையில் வைத்து, "சொல்" என்பதுபோல் பார்த்தார்கள். அவன் சிலுவை அடையாளம் வரைந்தான். விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினான். நான்கு சொல்லுக்கு மேல் அவனுக்கு வரவில்லை. மீண்டும் தொடங்கினான், மீண்டும் நின்றான். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள்தான் சொல்லி முடித்தோம். எங்களுக்கும் நடுவில் ஓரிடத்தில் தட்டியது. எட்டு நாளில் அம்மா இறைவனடி சேர்ந்தார்கள். அவர்களுக்காக எத்தனையோ திருப்பலிகள் ஒப்புக்கொடுத்தோம். ஆனால் அந்தச் சிறுவன் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை எங்களை விட்டுப் போகவில்லை.

அன்பர்களே, பின்னாளில் அர்ச். சவேரியாரின் வரலாற்றை வாசித்தபோது அந்த இரவு மறுபடி கண்முன் வந்தது. அவர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே இருந்தவர்கள் ஓய்வாக இருந்த மக்களா? கடலில் இறங்கிப் பிழைத்தவர்கள். அவர்களுக்காக ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். கையில் மணியை ஏந்தித் தெருத் தெருவாகச் சென்று சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டினார். நாளுக்கு இரண்டு வேளை மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்குச் சொல்லிக்கொடுக்குமாறு சிறுவர்களுக்குக் கட்டளையிட்டார். நோயாளிகள் பலர் தம்மை அழைத்து, எல்லா வீட்டுக்கும் போக இயலாதபோது, ஜெபம் தெரிந்த சிறுவர்களையே அந்த வீடுகளுக்கு அனுப்பினார் என்று அவருடைய கடிதத்திலிருந்து அறிகிறோம். நோயாளியின் பாயருகே நின்று அந்தச் சிறுவர்கள் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டு கழித்து எங்கள் வீட்டில் ஒரு சிறுவன் நான்கு சொல்லோடு நின்றான். அது அவன் குற்றமா?

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் எது என்று பள்ளியில் கேட்பதுண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்". அண்ட்ரிக் அடிகளார் தந்த அந்த நூல் பதினாறே பக்கம். அதில் இருப்பவை இந்த ஜெபங்களும் விசுவாச பாடங்களுமே. நம் முன்னோர் அச்சு இயந்திரத்தைக் கண்டவுடன் முதலில் அச்சிட்டதை நாங்கள் பிள்ளைகளுக்குக் கடைசியாகக்கூடச் சொல்லித்தரவில்லை.

அம்மா இறந்த பின் வந்த தவக்காலத்தில் பெரிய திட்டம் போட்டோம். காலை நாலரைக்கு எல்லாரும் எழுவது, விவிலியத்தில் ஓர் அதிகாரம், ஐம்பத்து மூன்று மணி ஜெபம், ஒரு பாட்டு. ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட, மற்றவர் உரக்கக் கடிந்துகொள்ள, சிறியவள் அழ, ஜெபம் சண்டையில் முடிந்தது. எந்த நிலையில் இருந்தோம் என்றால், கோபத்தோடு ஜெபமாலையை ஆணியில் மாட்டினோம்! அது நான்கு மாதம் ஆணியிலேயே கிடந்தது.

பிறகு எங்களில் ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னார். அப்போதிருந்த சுவாமி ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் வீட்டில் மில் சங்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறது?" நாலைந்து முறை கேட்கும் என்று பதில். "சங்கு ஊதும்போது எல்லாரும் இருந்த இடத்தில் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். வேறொன்றும் இப்போது வேண்டாம்" என்றார். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. நாங்கள் மலையைத் தூக்க வந்தோம், சுவாமி கூழாங்கல்லைக் கையில் கொடுத்தார்.

ஆனால் சங்கு மறக்கவிடாது, பாருங்கள். காலைச் சங்குக்கு ஒருவர் மில் வாசலில், மற்றவர் அடுப்படியில், பிள்ளைகள் கிணற்றடியில். மூன்று இடத்தில் ஒரே ஜெபம். மதியம் 3 மணிச் சங்கு பள்ளிக்கூடத்துக்கும் கேட்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் பிள்ளைகளே நினைவூட்டத் தொடங்கினார்கள். கோவில் மணிக்கு மூவேளை ஜெபம் என்று திருச்சபை வைத்ததும் இதே வழிதானே? வேலையை நிறுத்திவிட்டு வா என்று அந்த மணி கூப்பிடவில்லை. வயலில் நிற்பவன் அங்கேயே தலைப்பாகையை எடுத்துவிட்டு நிற்பதற்காகத்தான் அது அடித்தது.

அடுத்து ஜெபமாலைக்கு வந்தோம். ஐந்து பத்து வேண்டாம், ஒரு பத்து போதும் என்று தீர்மானித்தோம். எப்போது? வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாக இருக்கும் நேரத்தை ஒரு வாரம் கவனித்தோம். காலை ஷிப்டு வாரத்தில் இரவுச் சாப்பாடு. மற்ற இரண்டு வாரங்களிலும் அப்படி ஒரே நேரம்தான் இருந்தது: காலை ஏழே முக்காலுக்குப் பெண் பிள்ளைகள் இருவருக்கும் தலை பின்னும் நேரம். சரி, அதுவே என்றோம். சீப்பு ஒருவர் கையில், ஜெபமாலை மற்றவர் கையில், ரிப்பன் மூத்தவன் கையில். இரட்டைப் பின்னல் முடியும்போது பத்து மணியும் முடிந்துவிடும். உறவினர் ஒருவர் இதைப் பார்த்து, "முழந்தாளிடாமல், தலை வாரிக்கொண்டே ஜெபமா?" என்று முகம் சுளித்தார். மரியாதைக் குறைவுதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் முழந்தாளிடும் வீடாக இருந்தபோது எங்கள் மகனுக்கு விசுவாசப் பிரமாணம் தெரியவில்லை, தலை வாரும் வீடானபோது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை முழங்காலில் நின்று ஐம்பத்து மூன்று மணியும் சொன்னோம்.

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1974-இல் வெளியிட்ட மரியன்னை வணக்கம் பற்றிய மடலில் குடும்ப ஜெபமாலையை மிகவும் பரிந்துரைத்தார். அதே இடத்தில், இக்கால வாழ்க்கை முறையில் குடும்பம் ஒன்றுகூடுவது எளிதல்ல என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

தவறிய நாள்கள் உண்டா? நிறைய. தொடக்கத்தில் தினசரி நாள்காட்டியில் ஜெபம் சொன்ன நாளுக்குச் சிலுவைக் குறி போட்டுவந்தோம். குறி கூடக்கூட எங்களுக்குப் பெருமை வந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாளும் மனம் சோர்ந்தது. ஆகவே குறி போடுவதை நிறுத்திவிட்டோம். பாரீஸ் நகரக் கார்மேல் மடத்தில் சமையற்கட்டில் வேலை செய்து 1691-இல் இறந்த லாரன்ஸ் சகோதரரைப் பற்றிப் பலர் அறிவீர்கள். பாத்திரச் சத்தத்தின் நடுவே கடவுளோடு இருக்கக் கற்றுக்கொண்டவர். அவருக்கும் அது ஒரே நாளில் வரவில்லை. தவறியபோது அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதையே நினைத்து அலட்டிக்கொள்ளாமல், விட்ட இடத்துக்குத் திரும்பிவிடுவாராம். நாள்காட்டிக் குறியைவிட அது மேல் எனக் கண்டோம்.

இனி மூன்றாம் முறை கைவிட்டதைச் சொல்லவேண்டும். இதுதான் எங்களுக்கே வியப்பு. 1998-இல் மில் மூடப்பட்டது. சங்கு நின்றது. வேலை போன கவலை ஒருபுறம், கணக்கு முடிக்க அலைந்தது ஒருபுறம். ஆனால் அதெல்லாம் ஓய்ந்த பிறகு எங்களில் ஒருவருக்கு நாள் முழுதும் நேரம் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பின்ன வேண்டிய தலையும் இல்லை. "நேரம் மட்டும் இருந்தால் எவ்வளவு ஜெபிப்போம்!" என்று இருபது ஆண்டு சொல்லிவந்த நாங்கள், நேரம் கைநிறைய வந்தபோது ஒரு பரலோக மந்திரம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் இருந்தோம். அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்கு என்றுமே குறையாக இருந்தது நேரமல்ல. நாளின் ஓட்டத்தில் ஜெபத்துக்கென்று ஓர் இடம், அதைச் சுட்டிக்காட்ட ஓர் ஓசை, இவைதான் குறை. சங்கில் தொங்கவிட்ட ஜெபம் சங்கோடு போயிற்று.

அதன் பின் கோவில் மதிய மணியைப் பிடித்துக்கொண்டோம். பன்னிரண்டு மணிக்கு ஓசை கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு இருவரும் நிற்போம்.

எங்கள் இளைய மகள் வேறோர் ஊரில் கணினி நிறுவனத்தில் இரவு வேலை பார்க்கிறாள். மீண்டும் ஷிப்டு! "அம்மா, எனக்குச் சங்கு எது?" என்று கேட்டாள். நாங்கள் யோசித்துவிட்டு, விடியற்காலை படுக்குமுன் செல்பேசியைச் சார்ஜில் போடுவாயே, அதுதான் என்றோம். ஒயரைச் செருகியபின் ஒரு பத்து. சில நாள் தூக்கத்தில் விட்டுப்போகிறது என்கிறாள். பரவாயில்லை, மறுநாளும் சார்ஜ் போடத்தானே வேண்டும்.

இறுதியாகப் பங்குத் தந்தை அவர்களிடம் ஒரு விண்ணப்பம். மணி அடித்துவந்த பெரியவர் காலமானபின், காலையும் மாலையும் ஒலிபெருக்கியில் மணியோசை வருகிறது. மதிய மணி மட்டும் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் மடத்துப் பள்ளிப் பிள்ளைகள், எதிரே கடைவீதி, ஆட்டோ நிறுத்தம், மருத்துவமனைக்குப் போகும் மக்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். பொன்விழா நினைவாக அந்த மணி மீண்டும் அடிக்க அனுமதி தரவேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை நாங்கள் வந்து அடிக்கிறோம். ஞாயிறு அன்று பீடச் சிறுவர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். அன்று எங்களுக்கு மருந்து வாங்கப் போகும் நாள். கயிறு சற்றுக் கனம்தான், முதல் இழுப்புக்கு வராது. முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுக்கலாம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!