இருவர் சேர்ந்து போடும் புதிர்

(ஞாயிறு மாலை நம் கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தம்பதிகள் சேர்ந்து போடக்கூடிய புதிர்களைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பின்வரிசையில் தூக்கம் வந்துவிடும். அதனால் கையோடு நான்கு புதிர்கள் கொண்டுவந்திருக்கிறேன். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுங்கள். தனியாக வந்தவர்கள் அருகில் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளலாம். ஜோடிக்கு ஒரு தாள், ஒரு பேனா. இரண்டு பேனா வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'தினமும் புதிர் போட்டால் மறதி நோய் வராது' என்று வாட்ஸ்அப் குரூப்பில் அடிக்கடி செய்தி வருகிறது. அப்படி எந்த வாக்குறுதியும் நான் தரப்போவதில்லை. அமெரிக்காவில் லூமாசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்தும் நிறுவனம் ஏறக்குறைய இதே பாணியில் விளம்பரம் செய்தது. சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016இல் 20 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் விவகாரத்தை முடித்துக்கொண்டது. சுடோகு போட்டுப் பழகினால் சுடோகுவில் கை தேறும். அதுவரை நிச்சயம். அதற்கு மேல் யாராவது காசு கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

பின் எதற்காகப் புதிர்? நம் வீடுகளில் ராத்திரி சாப்பாட்டு நேரப் பேச்சைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'மெயின்டனன்ஸ் கட்டியாச்சா?', 'கேஸ் புக் பண்ணியாச்சா?', 'சின்னவனுக்கு ஃபீஸ் எப்போ?' ஒருவர் கேட்கிறார், மற்றவர் ஆச்சு, இல்லை என்கிறார். அதோடு முடிந்தது. இருவரும் சேர்ந்து ஒன்றை யோசித்து, 'அதெப்படிச் சொல்றே?' என்று கேட்டு, காரணம் சொல்லி, மாற்றிக்கொள்ளும் பேச்சு வருஷம் போகப் போகக் குறைகிறது. புதிர் அந்தப் பேச்சுக்கு ஒரு நல்ல சாக்கு. தோற்றாலும் நஷ்டமில்லை.

முதல் புதிர். மேசை மேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்போது மேலே தெரிவது: அ, க, 4, 7. விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். இந்த விதி மீறப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? தேவையில்லாத அட்டையைத் தொடக்கூடாது. இரண்டு நிமிஷம் தருகிறேன்.

முடிந்ததா? பல ஜோடிகள் 'அ, 4' என்கிறீர்கள். இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் இந்தப் புதிரை வெளியிட்டதிலிருந்து பெரும்பாலானவர்கள் சொல்லிவருவதும் அதுதான். ஆனால் 4க்குப் பின்னால் 'க' இருந்தால் என்ன கெட்டுப்போகும்? மெய்யோ உயிர்மெய்யோ இருந்தால் எந்த எண் வரவேண்டும் என்று விதி சொல்லவே இல்லை. எனவே 4ஐத் திருப்ப வேண்டியதில்லை. 7ஐப் பாருங்கள். அதன் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிட்டது. திருப்ப வேண்டியவை அ, 7.

இதே புதிரை 1998இல் மோஷ்மன், கெய்ல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகப் போட்டவர்களில் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஐந்தாறு பேராகக் கூடிப் பேசிய குழுக்களில் நான்கில் மூன்று குழுக்கள் சரியான விடைக்கு வந்தன. அங்கே பேசியது ஐந்தாறு பேர், நாம் இரண்டு பேர் என்பது உண்மைதான். ஆனாலும் வேலை செய்த விஷயம் ஒன்றுதான். ஒருவர் '4' என்கிறார், இன்னொருவர் 'ஏன் 4?' என்று கேட்கிறார். காரணத்தை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அதில் ஓட்டை இருப்பது சொன்னவருக்கே தெரிகிறது.

இதையே நம் வளாகத்துக்கு மாற்றுகிறேன். '12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் நீச்சல் குளத்துக்கு வரவேண்டும்' என்று ஒரு விதி. செக்யூரிட்டி முன்னால் நான்கு பேர். ஒருவருக்கு 8 வயது, துணை தெரியவில்லை. ஒருவருக்கு 40 வயது, துணை தெரியவில்லை. ஒருவர் துணையோடு வந்திருக்கிறார், வயது தெரியவில்லை. ஒருவர் தனியாக வந்திருக்கிறார், வயது தெரியவில்லை. யாரை விசாரிக்க வேண்டும்? பாருங்கள், எல்லோரும் உடனே சொல்லிவிட்டீர்கள்: 8 வயதுக்காரரையும் தனியாக வந்தவரையும். இது அதே புதிர்தான். 8 வயது என்பது 'அ', தனியாக வந்தவர் '7'. வீட்டில் ஒருவருக்குப் புரியாவிட்டால் குரலை உயர்த்த வேண்டாம், உதாரணத்தை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, கைகுலுக்கல் புதிர். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் புத்தாண்டு விருந்து வைக்கிறார்கள். நான்கு ஜோடிகள் வருகிறார்கள். ஆக மொத்தம் பத்துப் பேர். சிலர் சிலரோடு கைகுலுக்குகிறார்கள். தன் துணையோடு யாரும் குலுக்கவில்லை, ஒரே ஆளோடு இரண்டு முறையும் இல்லை. கடைசியில் வீட்டுக்காரர் தன் மனைவி உட்பட மற்ற ஒன்பது பேரிடமும் 'எத்தனை பேரோடு கைகுலுக்கினீர்கள்?' என்று கேட்கிறார். ஒன்பது பேரும் ஒன்பது வேறு வேறு எண்களைச் சொல்கிறார்கள். மனைவி சொன்னது எந்த எண்?

'விவரம் போதாதே' என்று ஒரு குரல் வருகிறது. முதலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்த மாதிரி இடத்தில் புதிரைச் சின்னதாக்கிப் பாருங்கள். வந்தது ஒரே ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் சொல்லும் எண்கள் 0, 1, 2. இரண்டு பேரோடு குலுக்கியவர் தன் துணையைத் தவிர எல்லோரோடும் குலுக்கிவிட்டார். அப்படியானால் 0 சொன்னவர் அவருடைய துணையாகத்தான் இருக்க முடியும். அந்த ஜோடிதான் விருந்தாளிகள். மனைவியின் எண் 1.

இப்போது பெரிய விருந்துக்குப் போவோம். எண்கள் 0 முதல் 8 வரை. 8 சொன்னவர் தன் துணையைத் தவிர எல்லோரோடும் குலுக்கியவர். ஆகவே 0 சொன்னவர் அவருடைய துணை. அந்த ஜோடியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மீதி எல்லோருக்கும் 8 சொன்னவரோடு குலுக்கிய ஒரு கணக்குக் குறையும். அதே வாதத்தைத் திரும்பப் போட்டால் 7ம் 1ம் ஜோடி, 6ம் 2ம் ஜோடி, 5ம் 3ம் ஜோடி. மிஞ்சும் எண் 4. அதுதான் மனைவி சொன்னது. ஒருவர் எண்களைச் சொல்ல, மற்றவர் தாளில் பத்துப் புள்ளி வைத்துக் கோடு போட்டால் ஐந்து நிமிஷத்தில் கண்ணெதிரே தெரியும்.

மூன்றாவது, கதவு எண் புதிர். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் டூட்னி என்ற புதிர்க்காரர் எழுதியது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், அதை ராமானுஜனிடம் படித்துக் காட்டினார். ராமானுஜன் அப்போது வாணலியில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைக்காமலே விடை சொன்னார் என்பார்கள். அதுவும் ஒரு விடை இல்லை, இந்த வகையில் வரக்கூடிய எல்லா விடைகளையும் தரும் ஒரு தொடர் பின்னம்.

புதிர் இது. ஒரு தெருவில் ஒரே வரிசையில் வீடுகள், எண்கள் 1, 2, 3 என்று போகின்றன. ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எல்லா எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குக் கீழ். அது எந்த எண் வீடு?

நமக்குத் தொடர் பின்னம் வேண்டாம். எட்டு வீட்டோடு தொடங்குவோம். ஆறாம் எண் வீட்டில் நில்லுங்கள். இடப்பக்கம் 1+2+3+4+5 = 15. வலப்பக்கம் 7+8 = 15. சரியாக இருக்கிறது. அடுத்தது 49 வீடுகள் உள்ள தெருவில் 35ஆம் வீடு. ஒரே ஒரு வீடு மட்டும் இருந்தால் இரண்டு பக்கமும் பூஜ்யம், அங்கே விடை 1. ஆக வரிசை 1, 6, 35. இதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா? 6ஐ ஆறால் பெருக்கி முந்தைய 1ஐக் கழித்தால் 35. 35ஐ ஆறால் பெருக்கி 6ஐக் கழித்தால் 204. டூட்னியின் விடை அதுதான்: 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் வீடு. இரண்டு பக்கமும் 20,706. ஒருவர் கூட்டிப் பார்க்கட்டும், மற்றவர் ஒழுங்கைத் தேடட்டும். இரண்டு வேலையும் ஒருவருக்கே பிடிக்க வேண்டியதில்லை.

நான்காவது புதிர் வீட்டுக்குக் கொண்டுபோக. இதில் ஆறு குறிப்புகள். மூன்று ஒரு சீட்டில், மூன்று இன்னொரு சீட்டில். ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டை மற்றவருக்குக் காட்டக்கூடாது, வாயால் மட்டும் சொல்லலாம்.

நான்கு மாடிகள், மாடிக்கு ஒரு வீடு. அங்கே நாய், பூனை, கிளி, மீன் ஆகியவற்றில் வீட்டுக்கு ஒன்று வளர்கிறது. மாலையில் காபி, டீ, சுக்குக் காபி, மோர் ஆகியவற்றில் வீட்டுக்கு ஒன்று குடிக்கிறார்கள்.

முதல் சீட்டு: காபி குடிக்கும் வீடு, டீ குடிக்கும் வீட்டுக்கு நேர் மேல் மாடி. கிளி வளர்ப்பவர்கள் மோர் குடிக்கிறார்கள். சுக்குக் காபி குடிப்பவர்கள் மீன் வளர்க்கவில்லை.

இரண்டாம் சீட்டு: பூனை நான்காம் மாடியில் இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் காபி குடிக்கிறார்கள். மோர் குடிப்பவர்கள் முதல் மாடியில் இல்லை.

கேள்வி: கிளி எந்த மாடியில்?

இதற்கு விடை சொல்லமாட்டேன். உங்களுக்குக் கிடைத்த விடையை வைத்துக்கொண்டு ஆறு குறிப்பையும் ஒருமுறை படித்தால் சரியா தப்பா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு கெட்டிக்காரராலும் இதை முடிக்க முடியாது.

இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் பல வீடுகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. வங்கி லாக்கர் எங்கே, இன்சூரன்ஸ் பாலிசி எத்தனை, நாமினி யார் என்பது ஒருவரிடம் இருக்கும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் என்பது மற்றவரிடம். இருவரும் நன்றாக இருக்கும்வரை வண்டி ஓடும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் மற்றவர் பாதிச் சீட்டை வைத்துக்கொண்டு நிற்பார். கிளி எந்த மாடி என்று கண்டுபிடித்த அன்றே அதே மேசையில் இன்னொரு தாளை எடுத்து, இந்தக் குறிப்புகளையும் ஒருவருக்கொருவர் சொல்லி எழுதிவையுங்கள். மற்ற நாளில் இந்தப் பேச்சை எடுத்தால் 'இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?' என்று வரும். புதிர் முடித்த சூட்டில் கொஞ்சம் சுலபமாக வரும்.

வீட்டில் போடும்போது சில நடைமுறைகள். ஒரே பேனா. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். இரண்டு பேனா இருந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு யார் முந்தினார்கள் என்று பார்ப்பார்கள். விடை முதலில் தெரிந்தவர் சொல்லக்கூடாது. கேள்வியாக மட்டும் உதவலாம்: 'இந்த அட்டைக்குப் பின்னால் என்ன இருந்தால் விதி உடையும்?' என்பதுபோல. 'இதுகூடத் தெரியலையா?' என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை. இருபது நிமிஷத்தில் முடியாவிட்டால் மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள். பிள்ளைகள் முன்னால் அப்பா ஜெயித்தார், அம்மா ஜெயித்தார் என்று மதிப்பெண் போடாதீர்கள்.

புதிருக்குக் கடைக்குப் போகவும் வேண்டாம். காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணும் கணக்கு ஒன்று உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. அடுத்த பலா சீசனில் ஒருவர் முள்ளை எண்ணட்டும், ஒருவர் சுளையை எண்ணட்டும். கணக்கு சரிவருகிறதா என்று வந்து சொல்லுங்கள். மிஞ்சிய சுளைகளையும் கொண்டுவரலாம்.