கையால் தைத்த நட்சத்திரம்

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் வேளையில் நகரத்துக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் நட்சத்திரங்களும் மணிகளும் பளபளக்கும் உருண்டைகளும் வந்து அமர்ந்துவிடுகின்றன. கிறிஸ்துமஸ் கொண்டாடும் இல்லத்தார் அவற்றை வாங்கிச் செல்கின்றனர். வாங்க இயலாதவர் சற்றே நின்று பார்த்துச் செல்கின்றனர். அவ்வாறு பார்த்துச் சென்ற ஒரு சிறுமியை முன்னிட்டே இன்று நான் பேச விழைகின்றேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலம். விழாவுக்காகப் பள்ளி மண்டபத்தை அலங்கரிக்க, மாணவர் ஆளுக்கொரு பொருள் கொண்டு வரலாம் என்று ஒரு டிசம்பரில் அறிவித்தேன். பலர் கடைப் பொருள்களைக் கொண்டு வந்தனர். அச்சிறுமியோ, கடையில் கண்ட பட்டு நட்சத்திரத்தை மனத்தில் இருத்தி, தாயாரின் பழஞ்சேலைத் துண்டில் தானே ஒன்று தைத்து வந்தாள். அதன் ஒரு முனை சற்றே கோணியிருந்தது. "இது கடை நட்சத்திரத்தைப் பார்த்துச் செய்ததுதானே? அதுவும் கோணலாக இருக்கிறதே!" என்றேன். அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு வீடு சென்றாள். மறு ஆண்டு அவள் எதுவும் கொண்டு வரவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்ற நான் அன்று ஆசிரியனுக்குரிய முதற் பாடத்தையே மறந்தேன்.

பார்த்துச் செய்வது இழிவா? கிறிஸ்துமஸ் அலங்காரத்தின் வரலாறே இவ்வினாவுக்கு விடை கூறுகிறது. 1605 ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரத்தைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பொன்று, மக்கள் வீட்டினுள் ஊசியிலை மரத்தை நிறுத்தி, வண்ணத் தாளில் வெட்டிய ரோஜா மலர்களையும் ஆப்பிள் பழங்களையும் தின்பண்டங்களையும் அதில் தொங்கவிட்டனர் என்கிறது. ஆதியில் எல்லாம் வீட்டுப் பொருள்களே. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலுள்ள லாவுஷா என்னும் சிற்றூரார் கண்ணாடியை ஊதிப் பழங்களையும் கொட்டைகளையும் போன்ற உருக்களைச் செய்தனர். உண்மையான பழம் வாங்க வசதியற்ற ஓர் ஏழைத் தொழிலாளியே இதனைத் தொடங்கினான் என்பது அவ்வூர் வழக்கு. 1880 ஆம் ஆண்டில் உல்வொர்த் என்னும் அமெரிக்க வணிகர் தயக்கத்துடன் சிறிதளவு கண்ணாடி அணிகளை வாங்கித் தம் கடையில் வைத்தார். அவை விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன. ஆடவர் ஊத, பெண்டிரும் சிறுவரும் பூச்சும் வண்ணமும் இட, குடும்பம் குடும்பமாக உழைத்தே லாவுஷா மக்கள் அத்தகைய அணிகளை உருவாக்கினர்.

நட்சத்திரத்தின் கதை இதனினும் சுவையானது. ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய பள்ளியில், 1830களில், வடிவக் கணிதத்தை விளங்க வைக்கும் கைவேலையாக முனைகள் பல கொண்ட தாள் நட்சத்திரம் தோன்றியது. நூற்றாண்டின் இறுதியில்தான் அது விற்பனைப் பொருளாயிற்று. கடை நட்சத்திரத்தின் மூலம் ஒரு வகுப்பறை! அச்சிறுமி செய்தது, கடைக்குப் போன பாடத்தை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வந்ததேயாகும். அதை அன்று நான் அறிந்திலேன்.

இனி, வீட்டில் தைக்கும் முறையைக் கூறுகின்றேன். கடைப் பொருளை ஊன்றிப் பாருங்கள். எத்தனை முனை, எங்கே தையல், எவ்வாறு தொங்குகிறது என்று கண்டுகொள்ளுங்கள். பின் தாளில் ஒரு வட்டம் வரைந்து, கோணமானியால் 72 பாகை வீதம் ஐந்து புள்ளிகள் இட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக இணையுங்கள். ஐந்து முனை நட்சத்திரம் தோன்றும். தையற்காரரிடம் எஞ்சும் துண்டுத் துணியில், இவ்வுருவைச் சுற்றிக் கால் அங்குலம் மிகுதி விட்டு இரண்டு வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் உட்புறமாக ஒன்றையொன்று நோக்கும்படி வைத்து, தொங்கவிடும் நூலின் வளையத்தையும் ஒரு முனையில் உள்நோக்கிச் செருகிவிடுங்கள். ஊசியைப் பின்வாங்கி முன்செலுத்தும் பின்தையலால், இரு விரல் நுழையும் இடைவெளி மட்டும் விட்டுச் சுற்றிலும் தையுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கடுத்த படியில். முனைகளின் மிகுதித் துணியைக் கத்தரித்து, உள்மூலைகளில் தையலைத் தொடாமல் அதன் அருகு வரை சிறு வெட்டு இட வேண்டும். இன்றேல், புரட்டும்போது சுருங்கிக் கோணும். அச்சிறுமியின் நட்சத்திரத்துக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கக்கூடும். ஒரு நிமிடத்தில் நான் கற்பித்திருக்கலாம்; குறை கூறி ஓய்ந்தேன். புரட்டியபின், இலவம் பஞ்சைச் சிறு சிறு துணுக்குகளாக, முனைகளில் முதலிலும் நடுவில் பின்னரும் அடைத்து வாயைத் தைத்துவிடுங்கள். சமிக்கியோ பழைய சேலையின் ஜரிகையோ இருப்பின் மேலே பதிக்கலாம். துணியும் பஞ்சும் எளிதில் தீப்பற்றுவன. மெழுகுவர்த்திக்கு எட்டத் தொங்கவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பிறர் உருவாக்கிய புது வடிவத்தை அப்படியே எடுத்து விற்பது அவருடைய உழைப்பின் பயனைக் கவர்வதாகும். வீட்டிற்காகப் பார்த்துச் செய்வதோ கல்வி. மணலில் ஆசிரியர் எழுதிய அகரத்தின் மேல் விரலோட்டித்தானே நாம் எழுதக் கற்றோம்? இரண்டாம் நட்சத்திரத்தில் நிறம் மாறும். மூன்றாவதில் வடிவமே தைப்பவருடையதாகிவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு உங்கள் குழந்தை கோணல் முனையுடன் ஒரு நட்சத்திரம் தைத்துத் தருமாயின், கோணலை எவ்வாறு நேராக்குவது என்று பிறகு, பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன், அந்த நட்சத்திரத்தைப் பின்கட்டில் அன்று, வருவோர் யாவரும் காணும்படி தலைவாயிலில் தொங்கவிடுங்கள்.