பாயசத்துக்கும் ஓர் இடம் உண்டு

(கிளையின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இனிப்பு, காலை டிபன், உடற்பயிற்சி மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள்" என்று கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். மும்பையில் ஒரு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் என்னிடம் வந்த நம்மவர்களில் பலர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "இனிமேல் ஸ்வீட்டைத் தொடவே கூடாதா?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல அங்கே நேரம் இருந்தது. இன்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. இந்த ஹாலில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் மாத்திரை டப்பாவோடு இருப்பார் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டீர்கள்.

எங்கள் அகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு 82 வயது. என் கணவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1, அதாவது வாசற்படியில் நிற்பவர். என் பெண்ணுக்கு 26 வயது. ஐ.டி. வேலை, காலையில் ஜிம். போன வருஷம் அவளுடைய நட்சத்திரப் பிறந்தநாளன்று மாமியார் தன் கையால் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தார். "ஒரு கரண்டி வாங்கிக்கோடி கண்ணா" என்றார். "வேண்டாம் பாட்டி, நான் டயட்ல இருக்கேன்" என்றாள் இவள். "எனக்கும் வேண்டாம்மா, டாக்டர் திட்டுவார்" என்றார் என் கணவர். மாமியார் ஒன்றும் பேசாமல் பாத்திரத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது ஒரு நாள் வருத்தத்தோடு போகவில்லை. பெண் தன் ஓட்ஸ் கிண்ணத்தோடு தன் அறைக்குப் போனாள். கணவர் டிபனே வேண்டாம் என்று காபியோடு ஆபீசுக்குக் கிளம்பினார். "எனக்கு ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு மூட்டணும்?" என்று மாமியார் இரண்டு ரஸ்கைக் காபியில் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். நான்கு மாதத்தில் மூன்று கிலோ எடை குறைந்தார். ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சாப்பிட ஆரம்பித்தால் முதலில் இளைப்பவர் வயதானவர்தான். அந்த வயதில் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறையும். தசை குறைந்தால் கால் தடுமாறும், விழுவார்கள். இடுப்பெலும்பு முறிவு எப்படி ஒரு குடும்பத்தையே முடக்கிப்போடும் என்று பல பேருக்குத் தெரியும்.

அதனால் ஒரு சமையலறைத் தராசை வாங்கி வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு அளவு சொல்லியிருக்கிறது. நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, ஒரு நாள் உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதையும் பாதியாக்கினால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்தப் பாதி சுமார் 25 கிராம். டீஸ்பூன் கணக்கில் ஐந்து அல்லது ஆறு.

இப்போது நம் காபியைப் பாருங்கள். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் ஆறு டீஸ்பூன், 30 கிராம். ஒரு பக்ஷணம் கூடத் தொடாமலே அன்றைய அளவு தாண்டியாயிற்று! வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11 கிலோ. பாயசத்துக்கு வருவோம். வருஷப் பிறப்பு, ஆவணி அவிட்டம், பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, பொங்கல், வீட்டில் நாலு பேர் பிறந்தநாள் என்று எல்லாம் சேர்த்து 25 நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் 25 கிராம் வெல்லம் என்றாலும் வருஷத்துக்கு 625 கிராம்தான். தீபாவளி பக்ஷணத்தையும் கல்யாண வீட்டு லாடுவையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். அப்படியும் காபி பக்கத்தில் வராது. பண்டிகைக்கு வரும் பாயசத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தினமும் மூன்று வேளை வரும் காபிச் சர்க்கரையை நாம் கேட்பதே இல்லை.

ஆகவே எங்கள் அகத்தில் முதல் மாற்றம் காபியில். இரண்டு டீஸ்பூனை ஒன்றரையாக்கினோம். பதினைந்து நாள் கழித்து ஒன்று. அப்புறம் அரை. நாக்கு மெதுவாகப் பழகிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால்தான் சண்டை வரும்.

"நாங்கள் வெல்லம்தான் போடுகிறோம், அதனால் பயமில்லை" என்று சிலர் சொல்வீர்கள். வெல்லத்தில் கொஞ்சம் தாதுச் சத்து உண்டு, மணம் உண்டு. ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி, வெல்லத்தில் 350-க்கு மேல். தேன், பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அளவு ஒன்றுதான் காப்பாற்றும். எடை குறைக்கவென்று செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தச் சிபாரிசில் சேர்க்கவில்லை. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம்.

அடுத்து, எந்த இனிப்பு? கேசரிக்கு ஒரு கப் ரவைக்கு இரண்டு கப் சர்க்கரை என்பது பல வீடுகளில் கணக்கு. எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 50 கிராம் சர்க்கரை, இரண்டு நாள் அளவு. மைசூர்பாகு பற்றி நான் சொல்லவே வேண்டாம். பாசிப்பருப்புப் பாயசம் அப்படி இல்லை. ஆறு பேருக்கு நான் வைக்கும் அளவு இது: பருப்பு 100 கிராம், வெல்லம் 90 கிராம், கொழுப்புக் குறைத்த பால் அரை லிட்டர், நெய் இரண்டு டீஸ்பூன், ஆளுக்கு ஒரு முந்திரி. ஒரு கிண்ணத்தில் சுமார் 180 கலோரி, 15 கிராம் வெல்லம். கூடவே 6 கிராமுக்கு மேல் புரதம். பருப்பை வாசனை வர வறுத்துக் குழைய வேகவைத்தால் வெல்லம் குறைந்தது தெரியாது. ஏலக்காயும் துளி பச்சைக் கற்பூரமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பயத்தம் உருண்டை, எள்ளுருண்டை, கடலை உருண்டை எல்லாம் இந்த ஜாதிதான். எலுமிச்சை அளவு பிடிக்காமல் நெல்லிக்காய் அளவு பிடியுங்கள்.

எப்போது சாப்பிடுவது என்பதும் முக்கியம். நம் விசேஷச் சாப்பாட்டின் முறையை யோசித்துப் பாருங்கள். இலையின் ஓரத்தில் முதலில் ஒரு துளிப் பாயசம். பிறகு பச்சடி, கறி, கூட்டு, பருப்பு, சாம்பார், ரசம். அதற்கப்புறம்தான் கிண்ணப் பாயசம், கடைசியில் மோர். காய்கறியும் பருப்பும் உள்ளே போன பிறகு வரும் இனிப்பு, ரத்தத்தில் சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றாது. அதே இனிப்பை நாலு மணிக்கு வெறும் வயிற்றில், ஃபிரிட்ஜைத் திறந்து நின்றபடியே சாப்பிட்டால் கதை வேறு. அன்று பாயசம் உண்டென்றால் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் வைக்காத அளவுக்குச் செய்யுங்கள். மறுநாள் மிச்சம்தான் எமன். "வீணாகப் போகிறதே" என்று அதைச் சாப்பிடுவது பெரும்பாலும் வீட்டு மாமிதான்!

இனி காலை டிபன். 1918-இல் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கி, பின்னால் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ எடைக்கு 50 கிராம். நம் சாப்பாட்டில் சாதம் நிறைய, பருப்பு கொஞ்சம். காலையில் ரஸ்கும் காபியும் என்றால் புரதம் எண்ணிப் பார்க்கிற அளவுக்குக்கூட வராது. பதினோரு மணிக்குப் பசிக்கும், பிஸ்கெட் டப்பா திறக்கும். காலையில் 12 முதல் 15 கிராம் புரதம் போய்விட்டால் அந்தப் பிஸ்கெட்டுக்கு வேலையில்லை, சாயங்கால இனிப்பு ஆசையும் அடங்கும். டிபனும் இனிப்பும் இப்படித்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

சுலபமாகச் செய்யக்கூடிய நான்கு சொல்கிறேன்.

ஒன்று, அடை. ஆளுக்கு 60 கிராம் பருப்புக் கலவை, 30 கிராம் அரிசி. புரதம் 15 கிராம் வந்துவிடும். இரவே ஊறப்போட்டுக் காலையில் அரைக்கலாம். புளிக்க வைக்கும் வேலை இல்லாததால் தில்லிக் குளிரிலும் நடக்கும்.

இரண்டு, பச்சைப் பயறு தோசை. 50 கிராம் பயறில் 12 கிராம் புரதம். இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து உடனே வார்க்கலாம்.

மூன்று, தயிர் அவல். 40 கிராம் அவலை நனைத்துப் பிழிந்து, ஒரு கப் தயிரில் கலந்து, கடுகு தாளித்து, ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை சேர்க்க வேண்டியது. ஐந்து நிமிஷ வேலை. மேலே மாதுளை முத்தைத் தூவினால் அதுவே இனிப்பு.

நான்கு, பெங்களூரிலும் குர்காவிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு. அடுப்பு வேண்டாம். 40 கிராம் பொட்டுக்கடலையைப் பொடித்து ஒரு பெரிய டம்ளர் மோரில் உப்பு, பெருங்காயத்தோடு கரைத்துக் குடித்தால் 10 கிராமுக்கு மேல் புரதம். தசை வளர்க்கப் புரதப் பொடி வாங்குவதைத் தவிர்க்கும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இட்லியை விடச் சொல்லவில்லை. அரிசியில் குறைந்த அமினோ அமிலம் உளுந்தில் இருக்கிறது, உளுந்தில் குறைந்தது அரிசியில் இருக்கிறது. அருமையான சேர்க்கை. நாலுக்கு ஒன்று போடுபவர்கள் மூன்றுக்கு ஒன்றாக உளுந்தைக் கூட்டுங்கள். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடியோடு நிறுத்தாமல் கெட்டிச் சாம்பார் வையுங்கள். அமாவாசை இரவு "பலகாரம்தான், சாதம் இல்லை" என்று ஆறு இட்லி சாப்பிடும் மாமாக்கள் இட்லியும் அரிசிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சாப்பாட்டோடு நடையும் வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 சிபாரிசு. ஒரு கிண்ணப் பாயசத்தைச் செலவழிக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது சர்க்கரைக்குத் தனி நன்மை. வயதானவர்கள் கை பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தினமும் பத்து முறை, பக்கத்தில் ஒருவர் நிற்கச் செய்யலாம். அதுவே அவர்கள் ஜிம்.

எங்கள் அகத்தில் இப்போது காலை எட்டு மணிக்கு ஒரே மாவு, ஒரே கல். கணவருக்கு இரண்டு அடை, பெண்ணுக்கு மூன்று, மாமியாருக்கு மெல்லிசாக வார்த்த ஒன்றரை அடையோடு ஒரு டம்ளர் பால். எட்டு மாதத்தில் மாமியாருக்கு இரண்டு கிலோ திரும்பி வந்திருக்கிறது. கணவரின் கணக்கு 5.8. நவராத்திரியில் பெண்ணே கிண்ணத்தை நீட்டி, "பாட்டி, எனக்கு 180 கலோரி போடுங்கோ" என்றாள்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் நான் சொன்ன புரத அளவையும் இனிப்பு அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் எல்லோரும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாரம், உங்கள் அகத்தில் யார் யார் காபிக்கு எத்தனை ஸ்பூன், காலையில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று நாள்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். எதைக் குறைக்க வேண்டும், யாருக்குக் கூட்ட வேண்டும் என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும். வெளியூரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டாச்சா?" என்பதோடு நிறுத்தாமல் "என்ன சாப்பிட்டேள்?" என்று கேளுங்கள்.