பழகுநருக்கு ஏற்ற முதல் மோட்டார் சைக்கிள்



தோட்டப்புறங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. எஸ்.பி.எம். தேர்வு எழுதிய மகன் வீட்டில் இருக்கிறான். கோல சிலாங்கூரிலோ புக்கிட் ரோத்தானிலோ வேலை ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வர மூன்று நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. பேருந்தை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. "அப்பா, ஒரு மோட்டார் வாங்கிக் கொடுங்கள்" என்கிறான். அவன் கேட்பது நியாயம் என்று தகப்பனாருக்கும் தெரிகிறது. ஆனால், எந்த வண்டி என்ற பேச்சு எழுந்ததும் வீட்டில் சச்சரவு தொடங்கிவிடுகிறது. நண்பன் வைத்திருக்கும் 150 சி.சி. வண்டியைத் தவிர வேறு எதுவும் மகன் கண்ணுக்குப் படவில்லை. மலிவாகக் கிடைக்கும் ஏதாவதொரு பழைய வண்டி போதும் என்கிறார் தகப்பனார். ஓட்டப் பழகுகிறவனுக்கு எந்த வண்டி பொருந்தும் என்று இருவருமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

இது சின்ன விஷயம் அன்று. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களுள் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் இளைஞர்களே அதிகம். ஆகவே, முதல் வண்டியைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உயிரைப் பற்றிய முடிவும் ஆகும்.

முதலில் நம் சாலைகளைப் பார்ப்போம். வண்டி ஓடப் போவது அங்கேதானே! பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த ஊருக்கு 2007-ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதன் அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரில் தென்னை இருந்தாலும், மலேசியாவில் முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை நடப்பட்டது அங்கேதான். ஆண்டு 1917. அன்று தொடங்கிய செம்பனை இன்று வடசிலாங்கூர் எங்கும் பரவி நிற்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் பாதையில் சக்கரத் தடம் பள்ளமாகிவிடும். வெயில் காலத்தில் புழுதி, மழைக்காலத்தில் சேறு. பழங்கள் சிதறி நசுங்கிய இடத்தில் தார்ச்சாலையும் வழுக்கும்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் ஐந்தாம் எண் கூட்டரசு சாலை. ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என்று செல்லும் அந்தச் சாலையில் கனரக லாரிகளும் உண்டு, அவற்றை முந்தத் துடிக்கும் கார்களும் உண்டு. வயல் பக்கம் அறுவடைக் காலத்தில் இயந்திரங்களும் சாலையில் ஊர்ந்து வரும். பழகுநரின் வண்டி இந்த இருவகைப் பாதைக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

அத்தகைய வண்டி நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் மிதிவண்டியில் பால் வெட்டப் போனார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் 'கப்சாய்' என்னும் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் என்ற வண்டியே இந்தக் குடும்பத்தின் மூதாதை. பின்னர் வந்த சி70, இ.எக்ஸ்.5 ஆகியவற்றைத் தெரியாத தோட்டமே இருக்க முடியாது. கெடா மாநிலம் கூருனில் தயாரான மோடனாஸ் கிரிஸ் 1996-இல் வந்தது. பெயர்கள் மாறினாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஏறி இறங்கத் தாழ்வான நடுப்பகுதி, பெரிய சக்கரம், நூறு சி.சி. அளவில் ஓர் இயந்திரம், கையால் பிடிக்க வேண்டாத கிளட்ச்.

இந்த அமைப்பு பழகுநருக்கு ஏன் உகந்தது? கியரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விடுபடுவதால், வண்டி திடீரென்று நின்றுவிடுமோ என்ற அச்சம் குறைகிறது. மனம் சாலையைக் கவனிக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுக் கியரைக் குறைத்தால் இயந்திரமே வேகத்தைத் தணிக்கும். ஈரப் பாதையில் இது பெரிய துணை. சக்கரம் பெரிதாக இருப்பதால் பள்ளத்தில் எளிதில் சிக்குவதில்லை.

கியர் இல்லாத ஸ்கூட்டர் நகரத்துக்கு வசதியானது. ஆனால் சிறிய சக்கரம் குழியில் தடுமாறும். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டால் வண்டி பாய்ந்துவிடும். பாதை நல்ல தாராக இருந்தால் ஸ்கூட்டரில் பழகலாம். செம்மண் பாதைக்கு அது இரண்டாம் பட்சம்தான்.

அடுத்து உடல் பொருத்தம். சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிறோம். வண்டிக்கும் பார்க்க வேண்டாமா? இருக்கையில் அமர்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். பிரேக் பிடியை விரல்கள் சிரமமின்றி எட்ட வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளிச் சென்று திருப்பிக் கொண்டு வர முடிய வேண்டும். சிறிய கப்சாய் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். 150 சி.சி. வண்டி அதைவிடப் பதினைந்து, இருபது கிலோ கூடுதல். இந்த வேறுபாடு நேரே ஓடும்போது தெரியாது. சேற்றில் வண்டி சாயும்போது தெரியும். மகனுக்கு மட்டுமல்ல, பெஸ்தாரி ஜெயாவில் உள்ள சிலாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் மகளுக்கும் இதே சோதனைதான்.

வேகத்தின் கணக்கையும் சற்று பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கைவைப்பதற்குள் அந்த ஒரு வினாடி போய்விடும். வேகத்தை 90 ஆக்கினால் அது ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமோ இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. சிறிய வண்டியிலும் ஆபத்து உண்டு. எனினும், பெரிய வேகத்தை நொடியில் கைக்குக் கொடுக்கும் வண்டி, அதை அடக்கும் பழக்கம் வருவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிடுகிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் தகப்பனார் சொல்லும் மலிவான பழைய வண்டி சரிதானா? நல்ல நிலையில் இருந்தால் சரி. பழகும் காலத்தில் வண்டி ஓரிரு முறை விழத்தான் செய்யும். புது வண்டியில் கீறல் விழுந்தால் மனம் நோகும். ஆனால் பழையது வாங்கும்போது சில சோதனைகளைக் கட்டாயம் செய்ய வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பாருங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று பொருள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கைப்பிடிப் பகுதியில் 'கடக்' என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. பின்னால் நின்று பார்த்தால் இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

இனி பணம். கையில் உள்ளதை எல்லாம் வண்டிக்கே கொடுத்துவிட்டு, தலைக்கவசத்துக்குக் கடைசியில் மிஞ்சிய சில்லறையை ஒதுக்குகிறவர்கள் உண்டு. யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? முதலில் சிரிம் முத்திரை உள்ள நல்ல தலைக்கவசம், பயிற்சிக் கட்டணம், காப்புறுதி, தேவையானால் புது டயர் ஆகியவற்றுக்குப் பணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். மீதத்துக்குள் வண்டியைத் தேடுங்கள். தலைக்கவசம் நம் நாட்டில் 1973 முதல் கட்டாயம். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் விதி. செம்பனை நிழலிலிருந்து வெளிவரும் சிறிய வண்டியை லாரிக்காரர் கண்ணுக்குக் காட்டுவது அந்த விளக்குத்தான்.

சட்டப்படி 16 வயது நிறைந்த பின்பே மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு முயலலாம். 'எல்' உரிமத்தோடு ஓட்டும் காலத்தில் பின்னால் ஆளை ஏற்றக் கூடாது. தேர்வில் வென்ற பின்னும் இரண்டு ஆண்டுகள் 'பி' என்னும் தகுதிகாண் காலம். "தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறான்" என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம். தோட்டப் பாதை ஓரிடத்தில் பெரிய சாலையோடு சேர்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். உரிமம் இல்லாதவர் விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனமும் கைவிரிக்கக் கூடும். அந்தச் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

தகப்பனாரும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். "இது உன் முதல் வண்டி, தம்பி, கடைசி வண்டியன்று. இரண்டு ஆண்டுகள் இதில் ஒழுங்காக ஓட்டிக் காட்டு. அப்புறம் உன் சம்பளத்தில் நீ விரும்பியதை வாங்கிக்கொள்" என்று தகப்பனார் சொன்னால், மகனுக்கும் அது மறுப்பாகத் தோன்றாது, ஒரு தவணையாகத் தோன்றும். பெரிய வண்டி கடையில் காத்திருக்கும். மாலையில் வேலை முடிந்து செம்மண் பாதையில் மகனின் விளக்கு வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதுதானே வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வேண்டியது!