யந்திரம் நின்ற நேரம் யார் கணக்கில்?

(தென்காசியில் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்களிடையே பேசியது)



மில்லில் கரண்டு போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. "யந்திரம் ஓடவில்லை, கூலி இல்லை" என்று முதலாளி கையை விரித்த காலம் ஒன்று இருந்தது. 1953-ல்தான் தொழில் தாவா சட்டத்தில் லே-ஆப் நஷ்டஈடு ஏறியது. சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. நின்றது யந்திரமே தவிர தொழிலாளி அல்ல என்று பாதியளவாவது ஒப்புக்கொண்டார்கள்.

அதே தாவா இன்று நம் பிள்ளைகளின் பரீட்சைக்கு வந்திருக்கிறது.

2018 மே 13-ந் தேதி, சட்டப் படிப்புக்கான 'கிளாட்' நுழைவுப் பரீட்சை நாடெங்கும் கம்ப்யூட்டரில் நடந்தது. நடத்தியது நமது செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், கொச்சியிலுள்ள சட்டப் பல்கலைக் கழகம். கம்ப்யூட்டர் ஏற்பாடோ ஒரு தனியார் கம்பெனியிடம். 120 நிமிடத்தில் 200 கேள்விகள். பல மையங்களில் திரை அசையாமல் நின்றது, கரண்டு போனது, லாகின் ஆகவில்லை. மாணவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூன் 13-ல் கோர்ட்டு, மறுபரீட்சை வேண்டாம், இழந்த நேரத்துக்கு மார்க்கு கொடு என்றது. 4,690 பேர் இந்தக் கணக்குக்குள் வந்தார்கள்.

கணக்கைக் கேளுங்கள், பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு உடனே புரியும். ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடம் போய்விட்டது. மீதி 110 நிமிடத்தில் 165 கேள்விக்கு விடை எழுதினாள். நிமிடத்துக்கு ஒன்றரை. ஆகவே பத்து நிமிடத்தில் 15 எழுதியிருப்பாள். அவள் விடைகளில் மூன்றில் இரண்டு பங்கு சரி என்றால், பத்து சரி, ஐந்து தப்பு. சரிக்கு ஒரு மார்க்கு, தப்புக்குக் கால் மார்க்கு கழிவு. கூடுதலாக எட்டே முக்கால் மார்க்கு.

ஒன்றுமே கொடுக்காததற்கு இது மேல். ஆனால் திரை இருண்டதும் நெஞ்சு படபடத்து, அதன் பிறகு அரை மணி நேரம் கை ஓடவில்லையே, அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதைவிடப் பெரிய விஷயம், எத்தனை நிமிடம் போயிற்று என்பதைச் சொல்வதே அந்தக் கம்ப்யூட்டரின் பதிவுதான். களத்துமேட்டில் மரக்காலைப் பண்ணையார் கையில் விட்டு நெல் அளந்த கதையை நம் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2024-ல் நீட் பரீட்சையில், அது காகிதத்தில் நடந்த பரீட்சைதான், நேரம் இழந்த 1,563 பேருக்கு இதே வழியில் மார்க்கு போட்டார்கள். நாடே கேள்வி கேட்டது. கிளாட் தீர்ப்பு வந்து சரியாக ஆறாண்டு முடிந்த அதே ஜூன் 13-ல், அந்த மார்க்கை ரத்துச் செய்வதாகச் சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. 23-ந் தேதி மறுபரீட்சை. எழுத வந்தவர்கள் 813 பேர்.

அண்ணா பல்கலைக் கழக விவகாரம் நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. கொரோனாக் காலத்தில், 2021 பிப்ரவரியில், செமஸ்டர் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதச் சொன்னார்கள். காமிரா வழியாகக் காவல் பார்த்தது மனிதன் அல்ல, செயற்கை நுண்ணறிவு. தலையைத் திருப்பினாலும், பக்கத்தில் சத்தம் கேட்டாலும் சந்தேகம் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். பீடித் தட்டும் அடுப்பும் படிப்பும் ஒரே அறையில் உள்ள வீட்டில் சத்தமில்லாமல் எப்படி? தனியறை உள்ள வீட்டை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. பலருடைய முடிவை நிறுத்தி வைத்தார்கள். ஏராளமானோர் தோற்றதாக முடிவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. மே மாதம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுபரீட்சை அறிவித்தார்: புதுக் கட்டணம் கிடையாது, தேறியவர்களும் விரும்பினால் எழுதலாம்.

யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், அந்த நஷ்டம் பிள்ளை தலையில் விழக்கூடாது என்கிறோம். பதிவை மாணவனுக்குக் காட்ட வேண்டும். யந்திரம் குற்றம் சொன்னால் மனிதன் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மறுபரீட்சைக்குக் காசு கேட்கக் கூடாது.

அதுவரை பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்: திரை நின்றால் உடனே கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரை அழைக்க வேண்டும். நின்ற நேரம், மீண்டும் ஓடிய நேரம், கம்ப்யூட்டரின் எண் ஆகியவற்றை மனதில் வைத்து, வெளியே வந்ததும் எழுத வேண்டும். அன்றே புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். அதே அறையில் எழுதிய மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, பத்துப் பேராகப் போக வேண்டும்.